அனுமதிக்கப்பட்ட குரல்

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியதில் குமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். மணக்குடிப் பாலம் சிதறியது. அதே பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது அங்கிருந்து ஒலித்த ஒரு குரலின் வரலாறு, ஓர் அனுமதியின் வரலாறும் ஆகும்.

ஊதியம் கருதாது, தேர்வெழுதி உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் உலகோடு உரையாடுவோரை ஹாம் வானொலியர் என்பர். இந்தியாவில் அவர்கள்மீது அரசு கொண்ட ஐயம் பழையது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் செய்தி அனுப்புவதை அரசின் தனியுரிமை ஆக்கிற்று. 1933ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடுத்தது. 1939இல் போர் மூண்டதும் ஹாம்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்க நேர்ந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1978ஆம் ஆண்டு விதிகளிலும் உரிமம் ஓரிடத்தோடு பிணைந்ததாகவே இருந்தது. ஐரோப்பிய நாடுகளோ 1985லேயே, ஒரு நாட்டின் உரிமத்தோடு பிற நாடுகளில் குறுகிய காலம் பேசிவர வழி வகுத்திருந்தன.

அழைப்புக் குறியே பேசுபவரின் இடத்தைக் காட்டிவிடும். 'வி.யு.' என்றால் இந்தியா, 'வி.யு.4' என்றால் அந்தமான் நிக்கோபார். பாதுகாப்பு காரணமாக அத்தீவுகளிலிருந்து 1987க்குப் பின் ஹாம் குரல் எழவில்லை. அரிய இடங்களோடு பேசிப் பட்டியலிடும் உலக ஹாம்களுக்கு அது கிட்டாக்கனி.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஹாம் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் பல்லாண்டு முயன்று அனுமதி பெற்றார். 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரிலிருந்து 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' ஒலிக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் அதனோடு பேசி மகிழ்ந்தனர். 26ஆம் நாள் காலை 6.29க்கு நிலம் அதிர்ந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்கு உரையாடலை அக்கணமே நிறுத்திய குழுவினர், தீவுகளுக்கும் பெருநிலத்திற்கும் இடையே உயிரோடிருப்போர் செய்திகளைக் கடத்தலாயினர். சிலர் கார் நிக்கோபார் சென்று அங்கும் நிலையம் அமைத்தனர்.

பேரிடருக்கென்று எவரும் அவர்களை அனுப்பவில்லை. விளையாட்டுக்கென வழங்கிய அனுமதிதான் தக்க தருணத்தில் அங்கே கருவியையும் பயின்ற கைகளையும் நிறுத்தியிருந்தது. அந்தக் கோப்பு இன்னும் ஒரு மாதம் மேசைமீது கிடந்திருந்தால் அக்குரல் அன்று அங்கே இருந்திராது.

நமக்கு இது அயலூர்க் கதை அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் கரையின் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தனர். அலைவரிசையைக் காப்பது அரசின் கடமை, மறுப்பதற்கில்லை. ஆயினும் பயணம் செய்பவன் கையிலுள்ள கருவியை ஐயத்தோடு மட்டுமே நோக்கும் சட்டம், அதே கருவி ஒருநாள் யாருக்குத் தேவைப்படும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.