எதிராளியின் அலமாரி

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் மக்களுக்கு. குழாயை எப்போது சோதித்தார்கள், அழுத்தம் எவ்வளவு என்று சொல்லும் ஏடுகளோ கோரமண்டல் உர ஆலையின் அலமாரியில். அப்புறம் பாதிக்கப்பட்டவர் எதை வைத்து நிரூபிப்பது? எதிராளியின் அலமாரியைத் திறக்கச் சொல்லும் உரிமை யாருக்கு என்பது வெறும் நடைமுறை விவகாரமல்ல, அதிகாரம் பற்றிய கேள்வி.

இதற்கு ஐரோப்பா ஒரே பதிலைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வழக்காடுபவர் தனக்குப் பாதகமான காகிதங்களையும் பட்டியலிட்டுக் காட்டியாக வேண்டும். இதுதான் 'டிஸ்கவரி'. 1882இல் ஒரு தீர்ப்பு இதை மிகவும் விரித்தது. 1999இல் வந்த விதிகள் சுருக்கின. பிரான்சிலோ, தனக்கெதிரான ஆவணத்தைத் தானே எடுத்துக் கொடுக்க எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது பழைய கோட்பாடு. 1975 சட்டத்தொகுப்பு அதைத் தளர்த்தியது. ஆனால் இன்ன ஆவணம் என்று கேட்பவர் சுட்ட வேண்டும், நீதிபதி உத்தரவிட வேண்டும். ஜெர்மனியில் 'தேடிப் பார்ப்போம்' என்று துழாவ இடமேயில்லை.

இந்த இரண்டு ஐரோப்பாவும் நம்ம கடற்கரையிலேயே இருந்தன. சென்னையில் ஆங்கிலேய வழிவந்த 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டம். பாண்டிச்சேரிக்கு அது 1968இல்தான் நீட்டிக்கப்பட்டது; அதுவரை பிரெஞ்சு நடைமுறை.

அப்படீன்னா சென்னைக்காரர்கள் பாக்கியசாலிகளா? 1908 சட்டத்தின் 11ஆம் கட்டளையில் டிஸ்கவரி உண்டு. ஆனால் தானாக நடக்காது. மனுப்போட வேண்டும், நீதிபதி இணங்க வேண்டும். 2015 வணிக நீதிமன்றச் சட்டம் இதே கட்டளையை வணிக வழக்குகளுக்கு மட்டும் மாற்றி எழுதியது: அங்கே தனக்குப் பாதகமான ஆவணத்தையும் கேட்காமலே தாக்கல் செய்தாக வேண்டும். முதலாளியும் முதலாளியும் மோதினால் அலமாரி தானே திறக்கும். மீனவர் வந்தால் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்!

போபாலை நினைத்துப் பாருங்கள். 1986இல் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பிய நியூயார்க் நீதிபதி கீனன், யூனியன் கார்பைடு அமெரிக்க விதிப்படி டிஸ்கவரிக்கு உட்பட வேண்டுமென்று நிபந்தனை போட்டார். ஒருதலைப்பட்சமானது என்று 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தட்டிவிட்டது. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம்; முழு விசாரணை நடக்கவேயில்லை.

2005 தகவல் உரிமைச் சட்டம் அரசாங்கக் காகிதத்தைத் தரும். கம்பெனியின் சொந்த ஏட்டை நேரடியாகத் தராது. ஆனால் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, டிஸ்கவரிக்கு உத்தரவிடும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்திருக்கிறது. அமோனியா கசிவைத் தானாக முன்வந்து கையிலெடுத்த தென்மண்டல அமர்வுக்கும் அது உண்டு. நிபுணர் குழுவின் அறிக்கையைப் படிப்பது வேறு. மூல ஏட்டைப் பாதிக்கப்பட்டவரின் வக்கீல் புரட்டுவது வேறு.

அதற்கு எந்த ஏடு, எந்தத் தேதி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பெயர்கள் குப்பத்துக்குத் தெரியாது. ஆலைக்குள் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியும். மீனவரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த மனுவை எழுத முடியும்.