நூடுல்ஸ் பாக்டீரியா

கேன்சர் வார்டுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலிலிருந்து, பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கும். 'கீமோ ஏத்தறாங்க' என்பார்கள். அந்த மருந்து 'சிஸ்பிளாட்டின்' என்றால், உடம்புக்குள் போவது... பிளாட்டினம்! ஆமாம், நகைக்கடையில் தங்கத்துக்குப் பக்கத்து கவுன்ட்டரில் விற்கிறார்களே, அதே உலோகம்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. மருந்தைத் தேடியவரும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்னெட் ரோஸன்பெர்க், பிசிக்ஸ் படித்த மனிதர். செல் ஒன்று இரண்டாகப் பிரியும் படத்தைப் பார்த்தபோது அவருக்கு காந்தம் ஞாபகம் வந்தது. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூளைத் தூவினால் வளைவு வளைவாகக் கோடு விழுமே, அதே டிசைன்! 'அப்படீன்னா, மின்சாரத்தைப் பாய்ச்சினால் செல் பிரிவதில் ஏதாவது வித்தியாசம் தெரியுமோ?' என்று ஒரு சந்தேகம்.

ஈ.கோலை பாக்டீரியா வளரும் திரவத்துக்குள் பிளாட்டினத்தை மின்முனையாக வைத்து கரன்ட் கொடுத்தார். ஏன் பிளாட்டினம்? அது எதோடும் ஒட்டாத சாமியார் உலோகம், கரையாது என்ற நம்பிக்கைதான்!

பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்தின. ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை. வழக்கத்தைவிட 300 மடங்கு வரை நீண்டு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே நூடுல்ஸ் மாதிரி கிடந்தன.

'எல்லாம் கரன்ட்டின் மகிமை' என்று கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ரோஸன்பெர்க்கும் சக ஆராய்ச்சியாளர் லொரெட்டா வான் கேம்ப்பும் அப்படிச் செய்யாமல் துருவித் துருவிப் பார்த்தார்கள். கடைசியில் மாட்டியது யார் தெரியுமா? நம்ம சாமியார்! துளித்துளியாகக் கரைந்து, திரவத்தில் இருந்த அம்மோனியாவோடும் குளோரினோடும் கூட்டணி வைத்திருந்தது பிளாட்டினம். 1965-ல் 'நேச்சர்' இதழில் விஷயம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டுப்பொருள் புதுசே இல்லை. இத்தாலிக்காரரான மிக்கேல் பெய்ரோனே 1840-களிலேயே தயாரித்து வைத்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல் அதை யாரும் மருந்தாக நினைக்கவில்லை!

பாக்டீரியா பிரிவதைத் தடுத்தால், கண்டபடி பிரியும் கேன்சர் செல்லை? எலிகளுக்கு ஊசி போட்டார்கள். பெரிய கட்டிகளே கரைந்தன. 1969-ல் அந்தச் செய்தியும் 'நேச்சரி'ல் வந்தது. செல்லுக்குள் நுழைந்ததும் குளோரின் கழன்றுகொள்ள, பிளாட்டினம் போய் டி.என்.ஏ. இழையைப் பிடித்து வளைத்துவிடுகிறது. நகலெடுக்க முடியாமல் செல் செத்துப்போகிறது. இதில் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால்... ம்ஹூம், கட்டி அசையாது!

ஆனால், மனிதர்களுக்குக் கொடுத்தபோது வந்தது வினை. சிறுநீரகம் பழுதானது. வாந்தியோ பயங்கரம். மருந்தையே மூட்டை கட்டிவிடலாம் என்கிற நிலைமை. காப்பாற்றியது எது தெரியுமா? உப்புத் தண்ணீர்! மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் நிறைய ஏற்றினால் சிறுநீரகம் பெருமளவு தப்பிக்கிறது என்று தெரிந்தது. ('மருந்து கொஞ்சம்தான், வெறும் சலைனை எதுக்கு மணிக்கணக்கா ஏத்தறாங்க?' என்று நர்ஸிடம் கோபிக்கிறவர்கள் கவனிக்க!)

1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் டாக்டர், இதோடு வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்து விதைப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். இளவயது ஆண்களைத் தாக்கும் நோய் அது. உடம்பில் பரவிவிட்டால் அநேகமாக மரணம்தான் என்றிருந்த காலம். ஐன்ஹார்னின் முதல் நோயாளிகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி முழுசாகவே மறைந்தது! 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், நுரையீரல், மூளை வரை பரவிய நிலையில் 1996-ல் பிழைத்ததும் சிஸ்பிளாட்டின் அடங்கிய சிகிச்சையில்தான். (பிற்பாடு ஊக்க மருந்து விவகாரத்தில் பட்டங்களைப் பறிகொடுத்தது வேறு கதை.)

வாந்தியைக் கட்டுப்படுத்த 1990-களில் ஒண்டான்செட்ரான் வந்தது. காதில் ரீங்காரம், விரல் நுனியில் மரமரப்பு - இவை இன்றும் சிலருக்கு வருகின்றன. வந்தால் தாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். டோஸைக் குறைக்கவோ, கார்போபிளாட்டின் என்கிற தம்பி மருந்துக்கு மாற்றவோ அவருக்கு வழி இருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. இந்த மருந்துக்கு அலுமினியம் கலந்த ஊசியைப் பயன்படுத்தக் கூடாது. பட்டால் கறுப்பாகத் திரிந்து, மருந்து வீணாகிவிடும். எதோடும் சேராத சாமியார் என்று நினைத்தோமே, அதுதான்!