பைத்தானுக்கு நடந்த சத்தமில்லாத ஆபரேஷன்

கம்ப்யூட்டர் வரலாறுன்னாலே யார் எதைப் புதுசா கண்டுபிடிச்சாங்கன்னுதான் பேசறோம். ஓடிக்கிட்டிருக்கிற ஒண்ணை நிறுத்தாமலே அதோட உள்ளுறுப்பை மாத்தினவங்க கதையை யாரும் அவ்வளவா எழுதறதில்லை. அப்படி ஒரு கதை இது.

நாம எழுதற நிரலைப் படிச்சு, எது எதோட சேரும்னு பிரிச்சுக் கொடுக்கிறதுதான் பார்சர். பைத்தான்ல ஆரம்பத்திலிருந்தே இருந்தது எல்எல்(1) வகை. அதாவது, அடுத்து வர்ற ஒரே ஒரு சொல்லைப் பார்த்தே முடிவெடுக்கணும். திரும்பி வந்து வேற வழி பார்க்கிற பேச்சே கிடையாது. அதனால சில இடங்கள்ல தப்பானதையும் உள்ளே விட்டுட்டு, அடுத்த கட்டத்துல பிடிச்சுத் தள்ளுற ஒட்டுவேலை நடந்துச்சு.

2019-ல் பைத்தானின் தந்தை கைடோ வான் ரோஸம் 'பெக்' முறையைக் கையிலெடுத்தார். ஒரு வழி சரிப்படலைன்னா திரும்பி வந்து அடுத்ததைப் பார்க்கும். ஏற்கெனவே பார்த்ததை ஞாபகம் வச்சுக்கும். பாப்லோ கலிண்டோவும் லைசாண்ட்ரோஸ் நிகோலாவும் கூடச் சேர்ந்தாங்க. வேகம், மெமரி ரெண்டும் பழசுக்கு 10 சதவீதத்துக்குள்ளே இருக்கணும்னு இலக்கு வச்சாங்க.

எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம்தான். பைத்தானோட ஸ்டாண்டர்ட் லைப்ரரியையும், ஊர்ல அதிகம் புழங்குற பேக்கேஜ்களையும் புது பார்சர்கிட்ட கொடுத்துச் சோதிச்சாங்க. பழசு கொடுக்கிற அதே மரத்தைப் புதுசும் கொடுக்கணும்!

2020 அக்டோபர்ல 3.9 வந்தப்போ புதுசுதான் இயல்பு. ஆனா பழசும் உள்ளேயே இருந்துச்சு. ஓல்ட்பார்சர்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தா போதும், பழசுக்கே திரும்பிடலாம். அது இருக்கிற வரைக்கும் புதுசால மட்டுமே முடியற இலக்கணம் எதையும் சேர்க்கிறதில்லைன்னும் முடிவு. கையில பலம் இருந்தும் ஒரு வருஷம் அடக்கி வாசிச்சாங்க!

2021 அக்டோபர்ல 3.10. பழசை எடுத்தாச்சு, 'மேட்ச்' வாக்கியம் வந்தாச்சு. ஏற்கெனவே 'மேட்ச்'னு பேர் வச்சிருந்த மாறிகளும் உடையலை.

2008-ல் வந்த பைத்தான் 3, பழைய நிரல்களை உடைச்சுது. பைத்தான் 2-க்கான ஆதரவை முடிக்க 2020 ஜனவரி வரைக்கும் இழுத்துச்சு. அந்த அடி மறக்காததாலதான் இவ்வளவு நிதானம்னு நினைக்கிறேன். பழசை வச்சுக்கிட்டே புதுசைச் சோதிக்கிறது கோழைத்தனம் இல்லீங்க. அடுத்தவன் எழுதின கோடுக்குக் கொடுக்கிற மரியாதை. நீங்க என்ன சொல்றீங்க? :-)