எண் 341 என்ற பூனை

மிருகங்கள் பேசிக்கொண்டு, துப்பறிந்துகொண்டு, ராக்கெட்டில் பறக்கும் கார்ட்டூன் படங்களை இப்போது வீட்டுக்கு வீடு பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். சோவியத் விண்வெளி நாய்களான பெல்கா, ஸ்ட்ரெல்காவை வைத்தே ரஷ்யர்கள் 2010ல் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள சரித்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்வெளியும் வேடிக்கையும் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 1963லேயே எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்திப்போக, எம்.ஜி.ஆர். அங்கே போய் மீட்டு வருவார். 2018ல் 'டிக் டிக் டிக்' படத்தை இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தபோது, நம் வயதுக்காரர்கள் பலர் தமக்குள் சிரித்திருப்பார்கள்.

அதே 1963, அக்டோபர் 18ஆம் தேதி. அல்ஜீரியப் பாலைவனத்தில் ஹம்மகீர் என்ற இடத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'வெரோனிக்' ராக்கெட்டில் ஒரு பூனையை அனுப்பினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு வாத்தியார் இதைப் பெருமையாகச் சொன்னார். 150 கிலோமீட்டருக்கு மேல் உயரம், 13 நிமிடப் பயணம். பூனை உயிரோடு திரும்பியது. வாத்தியார் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதிக் கதையை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். பயிற்சி கொடுத்தது மொத்தம் 14 பூனைகளுக்கு. பாசம் வந்துவிடக் கூடாது என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை. போன பூனைக்கு சி 341 என்ற எண் மட்டுமே. ஃபெலிசெத் என்ற பெயர் திரும்பி வந்த பிறகு கிடைத்தது. ஓரிரு மாதங்களில் மூளையை ஆராய்வதற்காக அதைக் கொன்றுவிட்டார்கள். பின்னாளில் சில முன்னாள் பிரெஞ்சுக் காலனி நாடுகள் தபால்தலை வெளியிட்டபோது, 'ஃபெலிக்ஸ்' என்று ஆண் பெயரைப் போட்டார்கள். பாவம், அது பெண் பூனை.

லைக்கா நாயின் கதை இன்னும் மோசம். 1957 நவம்பர் 3ல் போனது; திரும்ப அழைத்து வர ஏற்பாடே கிடையாது. சில நாட்கள் இருந்து வலியில்லாமல் இறந்தது என்றே பல வருடம் சொல்லிவந்தார்கள். கிளம்பிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தது என்ற உண்மை 2002ல்தான் வெளியே வந்தது. 45 வருட மர்மம்!

வேலைக் காலம் முழுக்கக் கோப்பு எண்களோடு காலம் தள்ளியவன் நான். எண்ணை மட்டும் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் மறந்துபோவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே நம் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 1988ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். 4130 என்ற எண்ணோடு அதை விட்டுவிடவில்லை. ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். உயிரில்லாத கல்லுக்கே அந்த மரியாதை. ஃபெலிசெத்துக்கு பிரான்சில் ஸ்திராஸ்பூர் நகரத்துக்கு அருகே வெண்கலச் சிலை வந்தது 2019ல். அதுவும் பொதுமக்கள் போட்ட பணத்தில். 56 வருடம் தாமதம் என்றாலும், வந்ததே, அந்த மட்டில் சந்தோஷம்.