ஐந்து நிமிட மேடை



வணிகர் கூட்டும் மாநாடு ஒரு வகை. தொழில் செய்வோர் தாமே கூடி நடத்தும் மாநாடு மற்றொரு வகை. முன்னதில் மேடையில் நிற்பவர் பெரும்பாலும் விற்க வந்தவர். எதிரே இருப்பவர் வாங்க வந்தவர். பின்னதிலோ, இன்று பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் நாளை மேடையேறிப் பேசக்கூடும். கணனிக்குச் செய்நிரல் எழுதுவோரிடையே இந்த இரண்டாம் வகை மாநாடு தோன்றி வளர்ந்த வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்ளக் கருதுகிறேன்.

1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கலிபோர்ணியாவில் சாந்தா மொனிக்கா என்னும் கடற்கரை நகரில், ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்திலே ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களிற் பலர் விமானத் தொழிற்சாலைகளிற் கணனியை இயக்கியவர்கள். அந்நாளில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 701 என்னும் கணனி மொத்தம் பத்தொன்பது மாத்திரமே உருவாக்கப்பட்டிருந்தது. அதனை வாடகைக்குப் பெற்ற ஒவ்வோர் இடத்திலும் வர்க்கமூலம் காண்பதற்கு ஒரு செய்நிரல், அச்சிடுவதற்கு ஒரு செய்நிரல் என்று யாவற்றையும் அவரவரே எழுதிக்கொண்டனர். ஒரே வேலையைப் பல கைகள் தனித்தனியே செய்தன. இந்நிலையில் 704 என்னும் புதிய கணனி வரவிருந்தது. பழைய கணனிக்கு எழுதியவை புதியதில் ஓடமாட்டா. அனைத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும். அதையும் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதவேண்டுமா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி.

அவர்கள் அமைத்த கழகத்தின் பெயர் 'ஷெயர்'. பகிர்தல் என்பது அதன் பொருள். விமானச் சந்தையிலே ஒன்றையொன்று வெல்ல முயன்ற நிறுவனங்களின் ஊழியர்கள், செய்நிரல் என்று வந்தபோது ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். 704 கணனிக்குப் பொதுவான தொகுப்புச் செய்நிரல் ஒன்று தேவைப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தாரே எழுதிய ஒன்றும் இருந்தது. ஆயினும் யுனைற்றெட் எயர்கிராஃப்ட் நிறுவனத்தில் ரோய் நட் என்பவர் எழுதியதே கழகத்தின் பொதுச் செய்நிரலாயிற்று. இச்செய்தி சிறிதன்று. கணனியை ஆக்கியவர் தந்ததை விடுத்து, அதனோடு நாள்தோறும் உழைத்தவர் ஒருவர் எழுதியதைச் சக உழைப்பாளர் ஏற்றனர். அவ்வாறு பகிரப்பட்ட செய்நிரல்களுக்கு விலை ஏதும் இல்லை.

விலை பின்னர் வந்தது. மென்பொருளுக்குத் தனியே கட்டணம் அறவிடப் போவதாக 1969இல் ஐ.பி.எம். அறிவித்தது. 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்ணியாவின் மென்லோ பார்க் என்னுமிடத்தில், கோர்டன் பிரெஞ்ச் என்பவரது வாகனக் கொட்டகையில் 'ஹோம்புறூ' கணனிக் கழகம் கூடியபோது, பகிர்தலும் விலையும் நேருக்கு நேர் மோதும் காலம் வந்துவிட்டது. அக்கழகத்தார் அல்ரெயர் கணனிக்குரிய பேசிக் மொழிச் செய்நிரலைப் படியெடுத்துத் தமக்குள் பரிமாறினர். அதனை ஆக்கியவருள் ஒருவரான பில் கேட்ஸ் 1976இல் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் இதனைத் திருட்டென்றே கண்டித்தார். உழைத்தவன் ஊதியம் கேட்பதிலே நியாயம் இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆனால் ரோய் நட் போன்றோர் மனமுவந்து கொடுத்ததும், ஒருவர் விற்பனைக்கு வைத்ததை மற்றவர் எடுத்துக்கொண்டதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறந்தே இன்றும் பலர் வாதாடுகின்றனர்.

ஹோம்புறூ கூட்டங்களை லீ பெல்சென்ஸ்ரைன் என்பவர் நெறிப்படுத்திய முறை குறிப்பிடத்தக்கது. முதலில் ஒவ்வொருவராக எழுந்து தம்மிடம் உள்ளதையும் தமக்கு வேண்டியதையும் கூறுவர். பின்னர் அவை கலைந்து, வேண்டியவரை வேண்டியவர் தேடிச் சென்று பேசுவர். அவ்வவையில் இருந்த ஸ்டீவ் வொஸ்னியாக் என்னும் இளைஞர் கைதூக்கிப் பேசவும் கூசியவர். அவை கலைந்த பின்னரே தாம் செய்த கணனியைப் பிறருக்குக் காட்டுவார். பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணனியானது அதுவே.

வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார் என்றால், இக்கூச்சம் நேற்றுத் தோன்றியதன்று என்பது விளங்கும். அதற்கு ஒரு வழி கண்டவர்கள் பேர்ள் என்னும் செய்நிரல் மொழியினர். லரி வோல் 1987இல் வெளியிட்டு எவரும் இலவசமாய்ப் பெறவிட்ட மொழி அது. அதற்கென ஒரு நூற்பதிப்பு நிறுவனம் 1997இல் சான் ஹொசே நகரில் மாநாடு கூட்டியது. மாநாடு சிறந்ததே, ஆனால் அதன் கட்டணம் மாணவர் கைக்கு எட்டாதது. எனவே 1999இல் கெவின் லென்சோ என்பவர் பிற்ஸ்பேர்க் நகரின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்திற் குறைந்த கட்டணத்தில் மற்றொரு மாநாட்டைக் கூட்டினார். 'இன்னுமொரு பேர்ள் மாநாடு' என்பதே அதற்கு இட்ட பெயர்!

மறுவருட மாநாட்டைப் 'பத்தொன்பதாயிரத்து நூறு' என்று அழைத்தனர். ஆண்டை 1900 முதல் எண்ணும் கணனி, 2000இல் நூறு என விடை தரும்; அதன் முன்னே கண்ணை மூடிக்கொண்டு 19 என்று ஒட்டிய செய்நிரல்கள் 19100 என அச்சிட்டன. தம் தொழிலின் குறையைத் தாமே எள்ளி நகைத்த பெயர் அது. அம்மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் என்பவர் 'மின்னல் உரை' என்ற பெயரில் ஓர் அரங்கை ஒழுங்குசெய்தார். ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறுவார். 1997இல் பைதன் மொழியினர் கூட்டத்திலும் இதையொத்த குற்றுரைகள் நிகழ்ந்ததுண்டு. ஆயின் நிலைத்த பெயர் பிற்ஸ்பேர்க்கிலேதான் கிடைத்தது. ஒரு மணி நேரம் பேச அஞ்சுபவர் ஐந்து நிமிடம் பேசத் துணிவார். பேச்சு சுவைக்காவிட்டாலும் அவையோர்க்கு இழப்பு ஐந்து நிமிடமே.

பைதன் மொழியினர் 1994இல் மேரிலாந்திற் கூடியபோது வந்தோர் இருபதின்மர் வரையிலேயே. 2003இல் வாசிங்டன் நகரிற் 'பைகொன்' என்னும் பெயரோடு தம் மாநாட்டைத் தாமே நடத்தத் தொடங்கினர். அங்கே பேசுவோரும் நடத்துவோருங்கூடக் கட்டணம் செலுத்தியே உள்ளே வந்தனர். இயலாதவர்க்கு உதவிநிதி உண்டு. ஆனாலும் வாயில் திறந்திருந்தமையால் மாத்திரம் எல்லோரும் வந்துவிடவில்லை. நெடுங்காலம் அம்மேடையிற் பெண்கள் மிக அரிதாகவே தோன்றினர். 'நீங்களும் பேசலாமே' என்று ஒவ்வொருவராக நேரில் எழுதிக் கேட்ட பின்னரே நிலை மாறியது. 2014இல் மொன்றியலிற் பேசியோரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் பெண்கள்.

2020இல் இம்மாநாடு பிற்ஸ்பேர்க் நகரிற் கூடவிருந்தது. கொள்ளைநோய் குறுக்கிட்டதால் மண்டபம் திறக்கப்படவில்லை. பேச இருந்தோர் தத்தம் வீடுகளிலிருந்து உரைகளைப் பதிவுசெய்து அனுப்பினர். 2024 மே மாதத்திலே பிற்ஸ்பேர்க்கில் அவர்கள் நேரிற் கூடியபோது, நிகழ்ச்சி நிரலில் மின்னல் உரைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.