கடல் மட்டத்தை அளப்பது எப்படி? நீரோட்டத்தையும் பருவமழையையும் தொடரும் இந்தியப் பெருங்கடல் ஆய்வுகள்

இந்திய ரயில் நிலையங்களின் மஞ்சள் நிறப் பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் தொடக்கப் புள்ளி 1909-ஆம் ஆண்டு நிலைநிறுத்தப்பட்டது. கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசா கரையிலுள்ள ஃபால்ஸ் பாயின்ட் ஆகிய ஒன்பது இடங்களில் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து, அவற்றின் சராசரியை இந்திய நில அளவைத் துறை அடிப்படை மட்டமாகக் கொண்டது. நிலத்தின் உயரத்தை அளக்கக் கடல் அசையாத அளவுகோலாகக் கருதப்பட்ட காலம் அது. இன்று விஞ்ஞானிகள் அளக்க முற்படுவது அந்த அளவுகோல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையே.

கடல் மட்டத்தை அளக்கும் மிகப் பழைய கருவி ஓதமானி. துறைமுகத்தில் கிணறு போன்ற குழாய் ஒன்றை இறக்கி, அதன் அடியில் சிறு துளை வைப்பார்கள். அலைகளின் துள்ளல் உள்ளே வராது. ஓதத்தின் மெதுவான ஏற்றமும் வற்றமும் மட்டுமே குழாய்க்குள் தெரியும். அந்நீரில் மிதக்கும் மிதவையோடு இணைந்த எழுதுகோல், சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் கோடு வரையும். இப்போது பல இடங்களில் ரேடார் உணரிகள் அந்தப் பணியைச் செய்கின்றன. பதிவுகள் செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் சென்று சேர்கின்றன. 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் (இன்காய்ஸ்) 2007-இல் தொடங்கப்பட்ட எச்சரிக்கை மையத்துக்கு இந்த உடனடிப் பதிவுகள் இன்றியமையாதவை.

மும்பை அப்போலோ பந்தரின் பதிவு 1878-இல் தொடங்குகிறது. இந்தியப் பெருங்கடல் கரைகளில் இவ்வளவு நீண்ட பதிவு வேறெங்கும் இல்லை. நீளம் ஏன் முக்கியம்? குஜராத்தின் பாவ்நகரில் ஓதம் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. சென்னையில் ஏறத்தாழ ஒரு மீட்டர். இந்தப் பேரசைவுக்குள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் உயர்வைத் தேட வேண்டியிருக்கிறது. சந்திரனின் பாதை மாற்றத்தால் ஓதத்தின் வீச்சு 18.6 ஆண்டுச் சுழற்சியில் மாறுகிறது. எனவே பத்து ஆண்டுப் பதிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. அரை நூற்றாண்டாவது வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஓதமானி நிற்கும் நிலமும் அசைகிறது என்பது. மேற்கு வங்கத்தின் டயமண்ட் ஹார்பரில் கடல் மட்ட உயர்வு ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவாகியுள்ளது. கங்கைக் கழிமுகத்தின் வண்டல் நிலம் அமிழ்ந்து வருவதே அதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஏ.எஸ். உன்னிகிருஷ்ணன், டி. சங்கர் ஆகியோர் வட இந்தியப் பெருங்கடலின் நீண்ட பதிவுகளைப் பரிசீலித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்வு ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை என்று கணித்தனர். அமிழும் கழிமுகத்தில் வாழ்வோருக்கோ கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா என்ற வேறுபாடு பொருட்டன்று. இரண்டும் சேர்ந்த அளவுதான் கரையை உடைக்கிறது. ஆனால் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டியவர்களால் அவ்விரண்டையும் பிரிக்காமல் இருக்க முடியாது.

நிலத்தின் குறுக்கீடு இல்லாமல் கடலை அளக்க வழிவகுத்தவை செயற்கைக்கோள்கள். அமெரிக்காவும் பிரான்சும் இணைந்து 1992 ஆகஸ்டில் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன், 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தது. ஏறத்தாழ பத்து நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்கு மீண்டது. ஜேசன் வரிசையும் சென்டினல்-6-உம் அப்பணியைத் தொடர்ந்தன. இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய சரள் 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி20 ராக்கெட்டில் சென்றது. அதன் ஆல்டிகா கருவி குறுகிய அலைநீளத்தைப் பயன்படுத்தியதால் கரையோரக் கடலை நுட்பமாகக் காண முடிந்தது. கனமழையில் அதன் குறிப்பலை மங்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கடலின் மேற்பரப்பு சமதளம் அன்று. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் நீரும் அதற்கேற்ப மேடும் பள்ளமுமாக நிற்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இந்த ஈர்ப்புப் பரப்பு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அவ்வழியே செல்லும் கப்பலுக்கு அது தெரியாது. இந்த நிலையான வடிவத்தைக் கழித்தபின் எஞ்சும் சில பத்து சென்டிமீட்டர் மேடுபள்ளமே நீரோட்டத்தின் தடயம். பூமி சுழல்வதால் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக இறங்காமல், வட அரைக்கோளத்தில் மேட்டை வலப்புறம் வைத்துச் சுற்றி ஓடுகிறது. ஆகவே சரிவை அளந்தால் ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் கணக்கிடலாம். நிலநடுக்கோட்டை நெருங்கும்போது இந்தக் கணக்கு வலுவிழக்கும். அங்கே மிதவைகளின் துணை தேவை.

கடலுக்கு அடியில் செயற்கைக்கோளின் ரேடார் செல்லாது. அந்தக் குறையை நிரப்புபவை ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்து, பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்துகொண்டே மேலெழுந்து, தரவை அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. இந்திய மிதவைகளின் தரவுகளை இன்காய்ஸ் தொகுக்கிறது. நீரோட்டத்தை ஓரிடத்தில் நிலையாக அளக்க, கடலடியில் நங்கூரமிட்ட ஒலிக்கருவிகள் உள்ளன. அவை எழுப்பும் ஒலி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களிலும் துகள்களிலும் பட்டு எதிரொலிக்கும்போது ஏற்படும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து பல ஆழங்களின் வேகம் ஒரே நேரத்தில் கிடைக்கிறது.

வட இந்தியப் பெருங்கடல் மற்றக் கடல்களைப் போன்றதன்று. வடக்கே ஆசிய நிலப்பரப்பு அடைத்து நிற்பதால் பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாற, நீரோட்டங்களும் திரும்புகின்றன. சோமாலியக் கரை ஓட்டம் கோடையில் வடக்கே பாய்ந்து, குளிர்காலத்தில் தெற்கே செல்கிறது. இலங்கைக்குத் தெற்கே கோடையில் கிழக்கு நோக்கிய ஓட்டம் குளிர்காலத்தில் மேற்கு நோக்கியதாகிறது; அப்போது வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் அரபிக் கடலை அடைகிறது. சென்னைக் கரையில் கடல் மட்டம் அக்டோபர், நவம்பரில் உயர்ந்து, வசந்த காலத்தில் தாழ்வதும் இந்தச் சுழற்சியின் பகுதியே. வங்கக் கடலில் காற்று எழுப்பும் மாற்றம் கரையை ஒட்டிய நீண்ட அலையாக நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் இலங்கையைச் சுற்றிக் கேரளக் கரைவரை செல்லும். ஓரிடத்தின் கடல் மட்டத்துக்கான காரணத்தை அந்த இடத்திலேயே தேடினால் கிடைக்காது என்பதை இந்திய ஆய்வுகள் தெளிவாக்கின.

கடல் உயர்வதற்குக் காரணங்கள் முக்கியமாக இரண்டு: நீர் சூடாகி விரிவடைவது, நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்வது. முன்னதை ஆர்கோ அளக்கிறது. பின்னதை, புவியீர்ப்பின் நுண்மாற்றத்தை உணரும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002 முதல் அளந்தன. 2018-இல் அவற்றின் வாரிசுகள் பொறுப்பேற்றன. இரண்டையும் கூட்டினால் ரேடார் கண்ட உயர்வோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றையொன்று சாராத மூன்று கருவிகளின் கணக்கு பெருமளவு பொருந்துவதே இத்துறையின் வலுவான சான்று. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்ததாக ஐ.நா. காலநிலைக் குழு கூறுகிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கையின்படி, வட இந்தியப் பெருங்கடலில் உயர்வு 1993-2017 காலத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராகக் கூடியது.

பருவமழைக்கும் இதே தரவுகள் வேண்டும். 1997-இல் கடுமையான எல் நினோ நிலவியும் இந்தியாவில் வறட்சி ஏற்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து என்.எச். சாஜி, பி.என். கோஸ்வாமி, பி.என். வினயச்சந்திரன், தோஷியோ யமகட்டா ஆகியோர், இந்தோனேசியக் கரை குளிர்ந்து ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகும் ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ நிகழ்வை விவரித்தனர். எல் நினோவின் பாதிப்பை அது தணித்திருக்கலாம் என்ற விளக்கம் அதன் பின் எழுந்தது. 2019-இல் அது வலுவாகத் தோன்றியபோது பருவமழை இயல்பில் 110 விழுக்காடாக இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் தரவில் ஓட்டைகள் உண்டு. சோமாலியக் கடற்கொள்ளையரால் மேற்கு இந்தியப் பெருங்கடலில் ராமா வரிசை மிதவைகளை நிறுவுவது தாமதமானது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் பராமரிக்கும் நங்கூர மிதவைகளின் நிழலில் மீன்கள் கூடுவதால் படகுகளும் அங்கே கூடுகின்றன. கயிறுகள் அறுபடுகின்றன, உணரிகள் சேதமடைகின்றன. அலை உயரம், புயல், மீன் வளப் பகுதி குறித்து இன்காய்ஸ் அன்றாடம் மீனவர்களுக்கு அனுப்பும் அறிவிப்புகள் பலவற்றுக்கும் கடலில் நிற்கும் இத்தகைய கருவிகளின் பதிவுகளும் உதவுகின்றன. மிதவை ஒன்று பழுதானால் அதைச் சீரமைக்கக் கப்பல் செல்லும்வரை அந்தக் கடற்பகுதியின் பதிவு வெற்றிடமாகவே நீடிக்கிறது.