தட்டில் எத்தனை இனம்? கூட்டாஞ்சோறு முதல் பார்டர் பரோட்டா வரை... உணவுப் பன்மையை அளப்பது எப்படி?

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எனப் பழங்கள் குவியும். பக்கத்தில் இருக்கும் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போனது. பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. ஆனால் ஒரு ஊரில் என்ன விளைகிறது என்பது வேறு, அந்த ஊர் வீட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்பது வேறு.

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரேஷன் அரிசியால் வயிறு நிறைகிறது, சரி. சத்து? அதைத் தெரிந்துகொள்ள, யார் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று எண்ணித்தான் ஆக வேண்டும்.

பழைய கணக்கு: 10 பிரிவுகள்

உலக அளவில் அதிகம் பயன்படுவது, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் முறை. தானியம்-கிழங்கு, பருப்பு, கொட்டைகள், பால், இறைச்சி-மீன், முட்டை, கீரை, வைட்டமின் ஏ நிறைந்த காய்-பழம், மற்ற காய், மற்ற பழம் என 10 பிரிவுகள். ஒரு பெண் நேற்று காலையில் இருந்து இரவு வரை இதில் 5 பிரிவையாவது சாப்பிட்டிருந்தால் பாஸ். 15 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு ஸ்பூன் அளவுகூட இல்லை என்றால் கணக்கில் வராது.

எளிமையான முறைதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் மூன்றையும் ஒரே நாளில் சாப்பிட்டாலும் 'மற்ற பழம்' என்று ஒரே ஒரு மார்க்தான்.

புதிய கணக்கு: இனத்தை எண்ணு

2018ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு வேறு வழியை முன்வைத்தது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை தாவர, விலங்கு இனங்களைச் சாப்பிட்டார்னு அப்படியே எண்ணிவிடுவது. இலங்கை உட்பட 7 நாடுகளின் கிராமப்புறப் பெண்கள், குழந்தைகள் என 6,226 பேரின் உணவைப் பார்த்ததில் மொத்தம் 234 இனங்கள் கிடைத்தன. தட்டில் ஒவ்வோர் இனம் கூடும்போதும் சத்துகள் போதுமான அளவை நெருங்கின.

2021ல் 9 ஐரோப்பிய நாடுகளில் சுமார் 4.5 லட்சம் பேரிடம் பார்த்தபோது, அதிக இனங்களைச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, அதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லை.

நம்ம ஊர் தட்டில் எண்ணினால்?

நெல்லை, தென்காசிப் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். தேங்காய், புளி, மசாலாவை விட்டுவிடலாம். அரிசி, துவரம்பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், முருங்கைக்கீரை. பெயர் எட்டு, இனம் ஏழுதான், ஏன்னா காயும் கீரையும் ஒரே மரம். பழைய முறையில் இதற்கு 4 பிரிவு. வாழைக்காய் தானியம்-கிழங்கு பிரிவுக்குப் போய்விடும். கூட ஒரு கிண்ணம் தயிர் இருந்தால் ஐந்து, பாஸ்!

பிரானூர் பார்டர் பரோட்டா கடைக்கு வருவோம். நாட்டுக்கோழி, பிராய்லர் இரண்டையும் வாங்கினாலும் கோழி ஒரே இனம். காடை சேர்த்தால்தான் இன்னொன்று கூடும்.

காய்கறிக் கடையிலும் இதே கதைதான். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல் மூன்றும் தாவரவியல்படி ஒரே இனம். பை நிறைந்தாலும் கணக்கில் ஒன்று. மிளகாயும் குடைமிளகாயும் அப்படித்தான்.

இதிலும் சிக்கல் உண்டு

இனத்தை மட்டும் எண்ணினால் ரகம் தெரியாது. தீட்டிய வெள்ளை அரிசியும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரே நெல் இனம், ஆனால் சத்து ஒன்றல்ல. எவ்வளவு சாப்பிட்டார் என்பதும் தெரியாது.

பெரிய சிக்கல் கீரையில்தான். மழை பெய்ததும் வயல் வரப்பில் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை என விதைக்காமலே முளைக்கும். பறித்துக் கடைந்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்காததால் 'நேத்து என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால் பலருக்கு அது ஒரு பதிலாகவே தோன்றாது. சொன்னாலும் படிவத்தில் 'கீரை' என்று ஒரே சொல்தான் ஏறும். இரும்புச்சத்துக் குறைவைத் தேடிப் போகிற கணக்கெடுப்பில் கீரையே விடுபட்டுப் போனால் எப்படி? அதனால்தான் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2017ல் வெளியிட்ட வழிகாட்டி, உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதி, அது எந்த இனம் என்று தாவரவியல் தெரிந்தவரிடம் உறுதிசெய்யச் சொல்கிறது. ஒரே கீரைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் இந்த வேலை லேசானது இல்லை.

எந்த மாதம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைச் சாரல், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் பார்க்கும் பகுதி இது. சீசன் நேரத்தில் எடுத்த பட்டியலும், கிணறு வற்றும் கோடையில் எடுத்த பட்டியலும் ஒன்றாக இருக்காது. ஒரே வீட்டில் மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட மாதத்தில் ஒரு முறை என இரண்டு தடவையாவது போய்க் கேட்க வேண்டும்.